தம்பி ஆட இருந்த அரசன்

பிரான்ஸ் அரசனாக ஆடும் வேஷம் தனக்குக் கிடைத்திருக்கிறது என்று தம்பி சொன்னபோது அம்மா குசினியில் மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். கத்தியை நிறுத்தாமல், "எந்த ராசா?" என்று கேட்டார்.

"நானூறு வருசத்துக்கு முந்தி இருந்தவர். அவரே ஆடினவர் அம்மா. உண்மையான ராசா. அரண்மனை மண்டபத்தில, எல்லாருக்கும் முன்னால."

"ராசாவுக்கு வேற வேலை இல்லையோ?"

தம்பி சிரித்தான். மேசையில் சாய்ந்து நின்று அவன் கதையைச் சொல்லத் தொடங்கினான். ஒரு சூனியக்காரி ஒரு பெரிய வீரனை மயக்கித் தன் தோட்டத்துக்குள் வைத்திருக்கிறாள். அவனைக் காவல் காக்க அவளிடம் பேய்கள் இருக்கின்றன. இரண்டு போர்வீரர்கள் வந்து அவனை மீட்டுப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை. அதை ஆடும்போது அந்த அரசனுக்குப் பதினைந்து வயது. வீரன் வேஷம் வேண்டாம், நெருப்புப் பேயாக வருகிறேன் என்று தானே கேட்டு வாங்கினானாம். உடம்பு முழுக்கத் தீச்சுவாலைகள் தைத்த உடுப்பு. மண்டபத்தில் மலை ஒன்று நிற்கும். மலைக்குள்ளிருந்து அரசன் வருவான்.

"அப்ப இது கூத்துத்தானே," என்றார் அம்மா. "ஒவ்வொருத்தரா ஆடி வாற வரவு இருக்கோ?"

"ஓம் அம்மா. ஒவ்வொரு பகுதிக்கும் பேரே வரவுதான். ஆந்த்ரே எண்டு சொல்லுவினம்."

அம்மா தலையை ஆட்டினார். மன்னாரில் மாதா கோயில் திருநாளுக்குக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர். தம்பியின் ஆட்டத்தைப் பற்றி அவர் ஒரு கேள்வி கேட்டதை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். தம்பி அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உற்சாகத்தில் இன்னொன்றையும் சொன்னான். பாலே ஆடிக் கொஞ்ச மாதத்திலேயே அந்த அரசன் தன் தாயை அரண்மனையை விட்டு அனுப்பிவிட்டான் என்று.

"பெத்த தாயையோ?"

"அவதான் அவனுக்குப் பதிலா ஆட்சி நடத்தினவ. அவன்ர கையில ஒண்டும் குடுக்கேல்லை."

அம்மா மீனைக் கழுவத் தொடங்கினார். "அப்ப நீ அவனை ஆட வேண்டாம்."

"நான் ஆடுறது அவனை இல்லை, பேயை."

அம்மா மீனை எடுத்துச் சட்டியில் போட்டார். ஆனால் அடுத்த ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தபோது, யாரும் கேட்காமலே அம்மா, "என்ர மகன் ராசா வேஷம் கட்டப் போறார்," என்று சொன்னது என் காதில் விழுந்தது.

நாங்கள் மொன்றியலுக்கு வந்தபோது தம்பிக்கு நான்கு வயது, எனக்குப் பன்னிரண்டு. அப்பா எங்களுக்கு முன்பே வந்து டவுன்டவுனில் ஒரு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சைக் கஷ்டப்பட்டுப் படித்தேன். தம்பி அதிலேயே வளர்ந்தான். கனவுகூடப் பிரெஞ்சில்தான் வருகிறது என்று ஒருமுறை சொல்லியிருக்கிறான். பொறியியல் படிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போனான். அங்கே ஒரு குளிர்காலத்தில், பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால், குளிருக்கு ஒதுங்கி இசைத்துறைக் கட்டடத்துக்குள் நுழைந்திருக்கிறான். ஒரு மண்டபத்தில் சிலர் வயலின் இசைக்கு ஏற்ப நடந்துகொண்டிருந்தார்களாம். ஆட்டம் என்றுகூடச் சொல்ல முடியாது, நடந்தார்கள், ஆனால் அப்படி நடப்பதை நான் கண்டதே இல்லை அக்கா என்றான். அடுத்த ஆண்டு படிப்பை விட்டுவிட்டான். அப்பா அவனோடு கதைப்பதை நிறுத்தினார். பிறகு அப்பா நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தார். இருவருக்கும் இடையில் இருந்தது அப்படியே இருந்துவிட்டது.

தம்பி ஒரு பள்ளிக்கூடத்தில், வகுப்பு முடிந்த பிறகு பெற்றோர் வரும்வரை பிள்ளைகளைப் பார்க்கும் வேலை செய்தான். மீதி நேரம் எல்லாம் ஆட்டம். பழைய பிரெஞ்சு அரண்மனை ஆட்டங்களைத் தேடி எடுத்து ஆடும் சிறிய குழு ஒன்றில் இருந்தான். அந்தக் காலத்துப் பாலேக்களில் துருக்கர், கறுப்பர், இந்தியர் என்று தூர தேசத்தவர்கள் வேடிக்கைக்காக வருவார்கள். அப்படி ஒரு வரவு வந்தால் குழுவில் எல்லோரும் தம்பியைத்தான் பார்ப்பார்கள். தலைப்பாகை கட்டி, கையில் கிளியோடு எத்தனையோ தடவை ஆடியிருக்கிறான். அதைப் பற்றி அவன் குறைசொன்னதில்லை. "அவையின்ர கண்ணுக்கு நான் அப்பிடித் தெரியிறன்," என்பான். ஆகவே, குழுவை நடத்திய பெண் அரசன் வேஷத்தை அவனுக்குக் கொடுத்தபோது அதன் பெறுமதி என்னவென்று எனக்கு விளங்கியது. அவர் அறுபது வயதைத் தாண்டிய கியூபெக்காரி. நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருப்பார். மனம் இரங்கி வேஷம் கொடுக்கிறவர் அல்ல. அவன் நடையைப் பார்த்துக் கொடுத்தார்.

ஒத்திகை பூசை நிறுத்தப்பட்ட ஒரு பழைய தேவாலயத்தில் நடந்தது. சனங்கள் இருக்கும் நீள வாங்குகளை எல்லாம் எடுத்துவிட்டு வெறும் மரத்தரையாக வைத்திருந்தார்கள். பின்புறத்தில் முன்பு பாடகர் குழு நின்ற மாடம் இருந்தது. அரண்மனையில் சபையோர் மேலே மாடங்களில் இருந்துதான் பாலேயைப் பார்த்தார்களாம். ஆடுகிறவர்கள் தரையில் சதுரமாவார்கள், வட்டமாவார்கள், கலைந்து முக்கோணமாவார்கள். கீழே இருந்து பார்த்தால் ஆட்கள் குறுக்கும் மறுக்குமாகப் போவதுதான் தெரியும். அதனால் யாராவது மேலே நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை. நான் சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பொதியிடும் பிரிவில் இருந்தேன். என் கணவர் சனிக்கிழமையும் வேலைக்குப் போவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பி கேட்டான், நான் போனேன்.

மேலே குளிராக இருக்கும். நான் கோட்டைக் கழற்றாமல் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று தொலைபேசியில் படம் பிடிப்பேன். குழுத்தலைவி கீழே இருந்து, "நேராக இருக்கிறதா, மேடம்?" என்று கேட்பார். நான் "வலது பக்கம் கொஞ்சம் உள்ளே," என்பேன். முதல் சில வாரம் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு சதுரம் சதுரமாகத் தெரியத் தொடங்கியது. அது சரியாக வந்து நிற்கும் நேரத்தில் என்னை அறியாமலே மூச்சை இழுத்துவிடுவேன்.

அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றது விளங்காது.

ஒரு சனிக்கிழமை சதுரத்தின் ஒரு மூலை உள்ளே விழுந்து கிடந்தது. அது தம்பியின் மூலை. நான் சொன்னேன், திருத்தினார்கள். மறுபடியும் விழுந்தது. அடுத்த வாரமும் அதே மூலை. அவன் மற்றவர்களைவிட ஒரு பொட்டு நேரம் பிந்தி வந்து சேர்ந்தான். எப்போதும் மற்றவர்களுக்கு முன்னே போய் நிற்கிறவன் அவன். பிறகு ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. அந்த ஆட்டத்துக்கு மெல்லிய தோல் சப்பாத்து போடுவார்கள், காலடி கேட்காது. இப்போது ஒரு கால் மட்டும் தரையில் 'சப்' என்று அடித்தது. கோயில் கூரைவரை அந்தச் சத்தம் வந்தது.

காரில் வரும்போது கேட்டேன்.

"சப்பாத்து லூசா இருக்கு," என்றான்.

"சப்பாத்தை மாத்து."

"மாத்தினான் அக்கா."

அவன் வீடு மூன்றாம் மாடியில். வெளியே இரும்புப் படி. அவனை இறக்கிவிட்டு, அவன் ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, வலது காலை இடுப்பிலிருந்து தூக்கித் தூக்கி வைத்தான். பனி வழுக்குகிறது போல என்று எனக்கு நானே சொன்னேன். அன்றைக்குப் படியில் பனி இல்லை.

குடும்ப வைத்தியர் முதுகெலும்பில் ஏதோ நரம்பு நெரிகிறது என்று சொல்லி உடற்பயிற்சிக்கு அனுப்பினார். உடற்பயிற்சி கொடுத்தவர், இது வேறு எதுவோ, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். அங்கே முறை வர ஒரு கோடைகாலம் முழுக்கப் போனது. அதற்கிடையில் அவன் விரல்களும் பலம் குறைந்துவிட்டன. சட்டைப் பொத்தான் போட நேரம் எடுத்தது. ஆனாலும் ஒத்திகைக்குப் போனான். தடுமாறும் இடங்களில் தன் அசைவுகளைத் தானே குறுக்கிக்கொண்டான். குழுத்தலைவி அதைக் கவனித்திருப்பார்.

ஆஸ்பத்திரியில் முடிவு சொல்லும் நாளன்று அம்மாவும் வருவேன் என்று நின்றார். தம்பி வேண்டாம் என்றான். அம்மா ஏற்கனவே கோட்டைப் போட்டுவிட்டார். மூவரும் போனோம். டொக்டர் ஓர் இளம் பெண். முந்திய முறை தசைகளுக்குள் ஊசி ஏற்றிப் பார்த்தவரும் அவர்தான். கதவைச் சாத்திவிட்டு எங்களுக்கு நேரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவர் பிரெஞ்சில் மெதுவாக, தெளிவாகச் சொன்னார். நோயின் பெயரைச் சொன்னார். தசைகளை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகின்றன என்றார். கால், கை, பிறகு விழுங்குவது, பேசுவது, கடைசியில் மூச்சு. அறிவுக்கு ஒன்றும் ஆகாது, எல்லாம் விளங்கிக்கொண்டே இருக்கும். நோயை மாற்ற மருந்து இல்லை, கொஞ்சம் பிந்தவைக்க ஒரு குளிசை உண்டு. எவ்வளவு காலம் என்று தம்பி கேட்டான். ஆளுக்கு ஆள் வித்தியாசம், சில வருடங்கள் என்றார்.

அம்மா கைப்பையை மடியில் வைத்தபடி டொக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு பொன்ஜூரும் மெர்சியும்தான்.

"என்னவாம்?" என்று தம்பியைக் கேட்டார்.

"நரம்புத் தளர்ச்சியாம் அம்மா. குளிசை தருவினம்."

"அதுக்கு ஏன் அவ இவ்வளவு நேரம் கதைச்சவ?"

"இஞ்சத்தை டொக்ரர்மார் அப்பிடித்தான்."

டொக்டர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தான் சொன்னதெல்லாம் அத்தனை சிறிய வசனத்துக்குள் அடங்காது என்று தெரிந்திருக்கும். நான் என் கோட்டுப் பொத்தான்களைப் போட்டேன். அம்மா எழுந்து டொக்டரின் கையைப் பிடித்து, "மெர்சி, மெர்சி," என்றார்.

கார் நிறுத்தும் இடத்தில் அம்மா முன்னால் நடந்தார். தம்பி என்னிடம், "பாலே முடியட்டும். பேந்து சொல்லுவம்," என்றான்.

"நீ ஆடப் போறியோ?"

"பாப்பம்."

அடுத்த சனிக்கிழமை அவன் குழுவுக்குச் சொன்னான். நான் மாடத்தில் நின்றேன். அவன் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. அவனைச் சுற்றி நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தரையில் உட்கார்ந்ததைத்தான் கண்டேன். யாரோ ஒருவர் வயலினைப் பெட்டிக்குள் வைத்தார்.

குழுத்தலைவி அவனைத் தள்ளிவிடவில்லை. யோசித்து ஒரு வழி சொன்னார். அந்தக் காலத்தில் முகமூடி போட்டுத்தான் ஆடினார்கள். நாங்களும் முகமூடி போடுகிறோம். மலை திறக்கும்போது தம்பி உள்ளே நெருப்பு உடுப்போடு இருப்பான். ஒரு கையை உயர்த்துவான். அந்தக் கை உயர்ந்ததும் வயலின்கள் தொடங்கும். ஒளி அணையும் ஒரு கணத்தில் அதே உடுப்பு, அதே முகமூடியோடு இன்னொருவர் மலையிலிருந்து இறங்கி ஆடுவார். கடைசியில் அரசன் பொன் சிம்மாசனத்தில் இருக்கும் காட்சியில் மறுபடியும் தம்பி. சபைக்கு ஒன்றும் தெரியாது.

"சரி எண்டு சொன்னனான்," என்றான் தம்பி காரில்.

"உனக்குச் சம்மதமோ?"

"இல்லையெண்டால் வீட்டில இருந்து என்ன செய்யிறது?"

எனக்கு அவன் மறுத்திருக்கலாம் என்று இருந்தது. அவனுடைய இடத்தில் ஆட வந்தவன் உயரமான, நல்ல பொடியன். தம்பியின் அசைவுகளைத் தம்பியிடமே கேட்டுக் கேட்டுப் பழகினான். ஒருநாள் அவன் ஆடி முடித்துத் தம்பியைத் திரும்பிப் பார்த்தபோது தம்பி கை தட்டினான். கைகள் ஒன்றோடொன்று பட்டன, சத்தம் வரவில்லை.

பாலே மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பின்னேரம் நடந்தது. காலையிலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நுழைவு ரிக்கற் வாங்கிய பலர் வரவில்லை. மாடத்துக்கு ஏறும் படி பழுது என்று அதைப் பூட்டிவிட்டார்கள். ஆகவே எல்லோரும் கீழேதான் இருந்தோம். அம்மா கோயிலுக்குக் கட்டும் பட்டுச் சேலையைக் கட்டி, மேலே குளிர்கோட், காலில் பனிச் சப்பாத்தோடு முன்வரிசையில் என் பக்கத்தில் இருந்தார். கணவர் மறுபக்கம். அம்மா கேட்டார் என்று கோயிலிலிருந்து இரண்டு குடும்பங்கள் வருவதாகச் சொல்லியிருந்தன. பனியில் அவர்களும் வரவில்லை. அம்மா அடிக்கடி வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

சூனியக்காரி வந்தாள். பாடினாள். வீரன் பூமாலைகளோடு மயங்கிக் கிடந்தான். அம்மா எல்லாவற்றையும் கவனமாகப் பார்த்தார். பிறகு மலை திறந்தது. பலகையில் செய்து சாம்பல் நிறம் பூசிய மலை. உள்ளே சிவந்த வெளிச்சத்தில் தம்பி இருந்தான். உடம்பெல்லாம் சுவாலை, முகத்தில் பொன் முகமூடி.

"அந்தா," என்றார் அம்மா.

தம்பி கையை உயர்த்தத் தொடங்கினான். ஒத்திகையில் அந்தக் கை தலைக்கு மேலே போகும். மெதுவாகப் போகும், ஆனால் போகும். அன்றைக்கு அது நெஞ்சுவரை வந்து நின்றது. உடுப்பின் பாரமோ, குளிரோ, அந்த வாரத்தில் இன்னும் கொஞ்சம் போயிருந்ததோ, தெரியாது. கை அங்கேயே நடுங்கிக்கொண்டு நின்றது. வயலின்காரர்கள் வில்லைத் தூக்கியபடி காத்திருந்தார்கள். முகமூடிக்குப் பின்னால் அவன் முகம் எங்களுக்குத் தெரியவில்லை. ஓரத்தில் நின்ற குழுத்தலைவி தலையை அசைத்தார், இசை தொடங்கியது. ஒளி அணைந்து வந்தது. மலை மூடியிருந்தது. நெருப்புப் பேய் தரையில் இறங்கிப் பாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

அம்மா என் கையைப் பிடித்தார். "இது அவன் இல்லை."

"அவன்தான் அம்மா. முகமூடி போட்டிருக்கு."

"நான் பெத்த பிள்ளையின்ர கால் எனக்குத் தெரியாதோ? அவன் எங்க?"

"மலைக்குள்ள."

"ஏன்?"

அதன் பிறகு அம்மா ஆட்டத்தைப் பார்க்கவில்லை. வீரன் மீட்கப்பட்டதையும் சூனியக்காரியின் தோட்டம் அழிந்ததையும் பார்க்கவில்லை. மூடிக் கிடந்த பலகை மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தம்பியைச் சிம்மாசனத்தோடு தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவன் அசையாமல் இருந்தான், மற்றவர்கள் குனிந்து வணங்கினார்கள். இருந்த கொஞ்சப் பேரும் எழுந்து நின்று கை தட்டினோம். அம்மா எழும்பவில்லை.

வீட்டுக்குப் போகும்போது கணவர் கார் ஓட்டினார். நெடுஞ்சாலையில் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. தம்பி அம்மாவோடு பின்னால் இருந்தான். கழுத்தில் பொன் பூச்சு இன்னும் துடைபடாமல் இருந்தது.

"அண்டைக்கு அந்த டொக்ரர் என்ன சொன்னவ?" என்று அம்மா கேட்டார்.

தம்பி அம்மாவின் பக்கம் திரும்பினான். "அம்மா, இது மாறாது."

"மாறாதெண்டால்?"

"கூடிக்கொண்டு போகும். பேந்து கதைக்கவும் ஏலாமல் போகும். பேந்து முடிஞ்சிடும்."

கண்ணாடித் துடைப்பான் இங்கும் அங்குமாகப் போனது. அம்மா அழுவார் என்று நினைத்தேன். அவர் தன் சால்வையின் நுனியை எச்சிலில் நனைத்து அவன் கழுத்திலிருந்த பொன் பூச்சைத் துடைக்கத் தொடங்கினார். அது போகவில்லை. வீடு வரும்வரை துடைத்தார். வீட்டுக்குள் வந்ததும், "சோறு போடட்டோ?" என்று கேட்டார்.

அந்த வசந்தத்தில் தம்பி மூன்றாம் மாடியை விட்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். நாங்கள் அம்மாவோடு கீழ்த்தளத்தில் இருந்தோம், படி இல்லை. குழுத்தலைவி சில தடவை வந்து பார்த்தார். வரும்போதெல்லாம் அடுத்த பாலேயைப் பற்றிக் கதைப்பார். பிறகு அந்தத் தேவாலயத்தை யாரோ வாங்கி வீடுகளாக்கப் போகிறார்கள் என்று சொன்னார். அதன் பின் அடுத்ததைப் பற்றிக் கதைக்கவில்லை, அதன் பின் வரவும் இல்லை. அவரை நான் குறைசொல்ல மாட்டேன். தம்பி அவர் வரும் நாட்களில் மிகவும் களைத்துப்போவான்.

கோயில் ஆட்கள் வந்தார்கள். செபம் சொன்னார்கள். ஒரு அக்கா இந்தியாவிலிருந்து எண்ணெய் எடுப்பித்துத் தந்தார். அம்மா அதைச் சூடாக்கிக் காலிலும் கையிலும் தேய்த்தார். தம்பி தேய்க்க விட்டான். அம்மா மாதாவுக்கு நேர்த்தி வைத்தார். நாள் தவறாமல் செபமாலை சொன்னார். ஒருநாள் நான், "என்ன கேட்டு மன்றாடுறியள் அம்மா?" என்று கேட்டேன். "முதல் கேட்டனான். இப்ப ஒண்டும் கேக்கிறேல்லை. சும்மா சொல்லுறன்," என்றார்.

தம்பியின் பேச்சு முதலில் குழறியது, பிறகு எங்களுக்கு மட்டும் விளங்கியது, பிறகு எங்களுக்கும் விளங்கவில்லை. விழுங்குவதும் நின்றது. வயிற்றில் குழாய் வைத்தார்கள். என் கணவருக்கு அவனைத் தூக்கித் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டது. நான் வேலையில் நாட்களைக் குறைத்தேன். அப்படியும் முடியவில்லை. ஒரு குளிர்காலத் தொடக்கத்தில் அவனை நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லமொன்றில் சேர்த்தோம். அம்மா என்னோடு சில நாள் கதைக்கவில்லை. பிறகு தானாகவே பஸ் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஒவ்வொரு காலையும் அங்கே போகத் தொடங்கினார்.

அங்கே அவனுக்கு ஒரு எழுத்துப் பலகை கொடுத்தார்கள். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பலகை, அதில் பிரெஞ்சு எழுத்துகள். எதிரில் ஒருவர் அதைப் பிடிக்க வேண்டும். அவன் ஒவ்வோர் எழுத்தாகக் கண்ணால் காட்டுவான், நாங்கள் கூட்டி வாசிப்போம். அவனுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. கதைக்க மட்டும்தான் தெரியும், இப்போது அதுவும் இல்லை. அம்மாவுக்குப் பிரெஞ்சு எழுத்துத் தெரியாது. அதனால் அம்மா நாள் முழுக்க அவன் பக்கத்தில் இருந்தாலும், அவனுக்கு என்ன வேண்டும் என்று அறிய நான் வேலை முடித்து வரும்வரை இருக்க வேண்டியிருந்தது. "காலையில இருந்து ஏதோ சொல்லப் பாக்கிறான். என்னெண்டு கேள்," என்பார். நான் பலகையைப் பிடிப்பேன். தலையணை. யன்னல். சில நேரம், ஒன்றுமில்லை.

நான் அம்மாவுக்கு அந்த எழுத்துகளைப் பழக்கப் பார்த்தேன். அம்மா மேசையில் இருந்து பொறுமையாகப் பழகினார். A தெரிந்தது, M தெரிந்தது. ஆனால் தம்பி அவற்றைக் கூட்டி எழுதுவது பிரெஞ்சுச் சொல். எழுத்துகளைக் கண்டுபிடித்தாலும் அம்மாவுக்கு அவை சொல்லாகவில்லை. ஒருமுறை அந்தப் பிரெஞ்சு எழுத்துகளிலேயே தமிழ்ச் சொல்லை எழுதிக் காட்டு என்று தம்பியிடம் சொன்னேன். அவன் முயன்றான். அவன் எழுதிய விதம் எனக்கே விளங்கவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

போன மாதம் ஒரு ஞாயிறு அம்மா திருப்பலிக்குப் போயிருந்த நேரம், நான் தனியாக அவனிடம் போனேன். பலகையை எடுக்கும்படி கண்ணால் காட்டினான். எழுத்து எழுத்தாக நீண்ட நேரம் எடுத்தது. அம்மா வர வேண்டாம் என்று சொல், என்று எழுதினான்.

"ஏன்?" என்றேன்.

அவ என்னைத் துடைக்கிறதைப் பார்க்க ஏலாது, என்று எழுதினான்.

அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம், ஒவ்வொரு நாளும் பனிக்குள்ளால் போகத் தேவையில்லை, கொஞ்சம் ஓய்வெடுங்கோ, தம்பியும் அப்படித்தான் சொல்லுறான் என்றேன்.

"எனக்கு வீட்டில என்ன வேலை?" என்றார் அம்மா.

அடுத்த நாளும் போனார். இன்று வரைக்கும் போகிறார். அம்மாவின் பனிச் சப்பாத்துச் சத்தம் நடைவழியில் கேட்டதும் தம்பி கண்ணை மூடிக்கொள்கிறான். நான் அங்கே இருந்த நாட்களில் பார்த்திருக்கிறேன். அம்மா உள்ளே வந்து, கோட்டைக் கதிரையில் போட்டுவிட்டு, அவன் வாயோரத்தைத் துடைத்து, போர்வையைச் சரியாக்குவார். பின்னேரம் நான் வரும்போது எழுந்து கதவடிக்கு வந்து, "சத்தம் போடாத. இப்பெல்லாம் நல்லா நித்திரை கொள்ளுறான்," என்று சொல்வார். அதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தில் ஒரு சிறிய ஆறுதல் இருக்கும். நான் ஓம் என்று சொல்லிவிட்டு, கோட்டைக் கழற்றாமல், கட்டிலின் மறுபக்கத்தில் போய் இருந்துகொள்வேன்.